பழுப்பு என்று எழுதியவன்

இன்று காலை கீரைக்காரம்மா முருங்கைக்கீரைக் கட்டை வாசலில் வைத்துவிட்டு, "ரெண்டு பழுப்பு கெடக்கும் பெரியவரே, பாத்து ஆஞ்சிக்கோங்க" என்று சொல்லிப் போனாள். மருமகள் ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். பச்சை ஒரு பக்கம், பழுப்பு ஒரு பக்கம். நாலு காம்பு உருவுவதற்குள் கை நின்றுவிட்டது. வயதாகி மஞ்சளாகிப் போன இலையை நம் பக்கத்தில் எல்லாரும் பழுப்பு என்றுதான் சொல்கிறார்கள். அடுப்படியில் தினமும் புழங்குகிற சொல். நான் மட்டும் அதை வாயால் சொல்வதில்லை.

ஏன் என்பது உனக்குப் பாதி தெரியும். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீ போய் நாற்பது நாளாகிறது. காரியத்துக்கு வந்திருந்தேன். உன் மகள் எனக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, வந்தவர்களிடமெல்லாம் "அப்பாவோட பண்ணைக் கூட்டாளி" என்று சொன்னாள். அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. சர்க்கரை, வெளியில் சாப்பிடுவதில்லை என்று பொய் சொல்லி, இலை போடுவதற்குள் கிளம்பிவிட்டேன். பொய் சொல்வதில் எனக்குப் பழைய பழக்கம் உண்டு. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நம் பண்ணை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற வழியில் சர்க்கார் ஆராய்ச்சிக்காகக் குத்தகைக்கு எடுத்த எட்டு ஏக்கர், ஒரு கிணறு, ஓர் ஓலைக் கொட்டகை. அறுபதுகளின் தொடக்கத்தில் ஏதோ ஒரு ஸ்கீமில் தொடங்கி நாலைந்து வருஷம் நடந்தது. ஸ்கீம் முடிந்ததும் நிலம் சொந்தக்காரரிடமே போய்விட்டது. நான் விழுப்புரத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் வருவேன். உன் ஊர் கண்டாச்சிபுரத்துக்கு உள்ளே. வேலைக்காகத் திண்டிவனத்தில் உன் அக்கா வீட்டில் தங்கியிருந்தாய். இரண்டு பேரும் ஒரே வயது, இரண்டு பேரும் எஸ்.எஸ்.எல்.சி. ஆனால் நான் பர்மனென்ட் பீல்டுமேன், நீ தினக்கூலி. எங்களுக்கு நிலம் இருந்தது. உன் அப்பா அம்மா எங்களைப் போன்றவர்கள் நிலத்தில் வேலை செய்தவர்கள். நான் உன்னை "நீ" என்றேன், நீ என்னை "நீங்க" என்றாய். அப்போது அது இயல்பாகத்தான் பட்டது. இப்போது எழுதும்போது உறுத்துகிறது.

ஒரு முறை, "ஏன் இந்த நீங்க, நாங்க? சும்மா நீன்னு கூப்பிடு" என்று உன்னிடம் சொன்னேன்.

"வாய்ல வர்லீங்க" என்று சிரித்தாய்.

நமக்கு மேலே ஒரே ஒரு ஆபீசர். அவரை சார் என்றே எழுதுகிறேன். பெங்களூரில் வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். மேசையில் தடித்த தமிழ் அகராதி ஒன்று எப்போதும் இருக்கும். நாம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை இரண்டு பாத்தியாக விதைத்து, ஒன்றுக்குத் தண்ணீர் கட்டி, இன்னொன்றைக் காயப் போட்டிருந்தார். செடிகள் காயக் காய இலைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. "எல்லாம் என்சைம் செய்கிற வேலை" என்றவர், அகராதியைப் புரட்டி, "தமிழில் நொதி" என்றார்.

நீ உடனே, "கள்ளு நொதிக்குமே சார், அந்த நொதியா?" என்று கேட்டாய். மதுவிலக்கு இருந்த காலம். சார் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அதற்கப்புறம் அவர் சொன்னதை இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். மண்ணிலிருந்து நைட்ரேட்டாக ஏறி வருகிற தழைச்சத்தைச் செடி அப்படியே உடம்பில் சேர்த்துக்கொள்ள முடியாது. இலைக்குள் ஒரு நொதி அதை மாற்றத் தொடங்குகிறது. கடைசியில் அது அம்மோனியாவாகிறது. அம்மோனியா தேங்கினால் செடிக்கே விஷம். அதனால் இன்னொரு நொதி அதை உடனே பிடித்துக் கட்டி, புரதத்துக்கு வேண்டிய சரக்காக்கிவிடுகிறது. தண்ணீர் இல்லாமல் காயும்போதும் இலைக்கு வயதாகும்போதும் இந்த இரண்டும் என்ன ஆகின்றன என்று சார் பார்க்க நினைத்தார். காற்றிலிருந்தே தழைச்சத்து பிடிக்கிற வேர்முடிச்சு உள்ள பயிருக்கு இதெல்லாம் எதற்கு என்று வருகிறவர்கள் கேட்பார்கள். தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் முடிச்சு முதலில் படுத்துவிடும், அப்புறம் இலையின் பாடு என்ன என்று பார்க்க வேண்டாமா என்பார்.

காலையில் நீ சைக்கிளில் போய் ஐஸ் வாங்கி, உமி மூட்டையில் புதைத்துக் கொண்டுவருவாய். வெயில் ஏறியதும் இலை பறித்து, ஐஸ் மேல் வைத்த கல்வத்தில் அரைத்துத் துணியில் வடிகட்டுவோம். அதில் சார் கடுகளவு ஒரு தூளும் இரண்டு மூன்று மருந்தும் சேர்ப்பார். அரை மணி பொறுத்துக் கடைசி மருந்தை விட்டால் குழாயில் ரோஸ் நிறம் வரும். நிறம் அழுத்தமாக இருந்தால் முதல் நொதி நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். நிறத்தை அளக்க நம்மிடம் மெஷின் இல்லை. வரிசையாக வைத்த மாதிரிக் குழாய்களோடு கண்ணால் ஒத்துப் பார்க்க வேண்டும். எனக்கு மூன்றாவதும் நான்காவதும் ஒன்றாகவே தெரியும். நீ கொட்டகை வாசலில் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்து, "மூணுக்கும் நாலுக்கும் நடுவுல சார், மூணாண்ட" என்பாய். சார் அவருடைய கண்ணை நம்புவதைவிட உன் கண்ணை நம்பினார். பொங்கலுக்குள் உனக்கு பீல்டுமேன் ஆர்டர் வாங்கித் தருவதாகச் சொல்லி மேலே எழுதியும் போட்டிருந்தார். உன் அம்மா அந்தச் சேதி கேட்டு மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டதாக நீ சொன்னாய். சொல்லும்போது உனக்கு வெட்கம் வந்தது.

காயப் போட்ட பாத்தியில் நாளாக ஆக ரோஸ் வெளுத்தது. ஒரு நாள் குழாய் வெறும் தண்ணீராகவே நின்றது. "செத்துப்போச்சு" என்றேன் நான். நீ குழாயைப் பார்க்காமல் பாத்திக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தாய். கீழ் இலையையும் கொழுந்தையும் மாறி மாறித் தடவிப் பார்த்துவிட்டு வந்தாய்.

"சாவல சார். கீழ் எல பழுக்கப் போவுது. அதுல இருக்கிறத எடுத்து மேலயும் காய்க்கும் அனுப்பிக்கினு இருக்குது. கொழுந்து இன்னும் தெம்பா கீது, வந்து பாருங்க."

சார் எழுந்து நின்றுவிட்டார். அதுதான் அவருக்கும் வேண்டியது. வயதான இலை தன் புரதத்தைத் தானே பிரிக்கும்போது அம்மோனியா கிளம்பும். அந்த நேரத்தில் முதல் நொதி போய்விட்டாலும், கட்டி அனுப்புகிற இரண்டாவது நொதி நிற்க வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். அதைக் கீழ் இலை மஞ்சளாகிற சமயத்தில்தான் பிடிக்க முடியும். அதற்குள் காயவைத்த இலைகளில் தழைச்சத்து அளப்பதற்காக அவர் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. போகும்போது, "குறிப்பு தபாலில் அனுப்பிக்கொண்டே இரு. கீழ் இலை மஞ்சளானால் அன்றைக்கே தெரிய வேண்டும். உடனே ரயில் ஏறிவிடுவேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருஷம்தான் குறிப்பேடுகளைத் தமிழில் எழுதச் சொல்லி மேலிருந்து வந்திருந்தது. எனக்கு என் தமிழில் கொஞ்சம் கர்வம். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவன் இல்லையா. அடுத்த வாரம் நீ வரப்பில் நடந்துகொண்டே, "பச்ச ஆறு, வெளுப்பு ரெண்டு, பழுப்பு மூணு, சருகு இல்ல" என்று செடி செடியாகச் சொல்லிவந்தாய். நான் எழுதிக்கொண்டே வந்தேன். முடிவில், "வறட்சிப் பாத்தியில் கீழ் இலைகளில் பழுப்பு தோன்றி வேகமாகப் பரவுகிறது" என்று எழுதி, உனக்கு வாசித்துக் காட்டினேன்.

"மஞ்சள்னே எழுதிடுங்களேன். சாருக்கு நம்ம பேச்சு புரியாது."

"மஞ்சள்ங்கிறது நிறம். பழுப்புங்கிறதுதான் சரியான சொல்லு" என்றேன்.

ஐந்தாம் நாள் சாரிடமிருந்து கார்டு வந்தது. அகராதியில் பழுப்பு என்றால் பிரவுன். அந்த வருஷம் சுற்றுவட்டாரம் முழுவதும் மல்லாட்டை இலையில் பிரவுன் புள்ளி விழுகிற டிக்கா நோய். புள்ளி நல்ல பாத்திக்குத் தாவுவதற்குள் வறட்சிப் பாத்தி முழுவதையும் பிடுங்கிவிட வேண்டும் என்று எழுதியிருந்தார்.

நீ முதலில் சிரித்தாய். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "பேஜாராப் போச்சே. ஜல்தியா ஒரு கார்டு போட்டுடுங்க. இங்க பழுப்புன்னா பழுத்த எலன்னு எழுதுங்க. பதில் வர்ற வரிக்கும் நான் ஒரு செடியத் தொட மாட்டேன்."

அன்று மாலையே கொட்டகையில் உட்கார்ந்து எழுதினேன். ஐயா, பழுப்பு என்று நான் குறிப்பிட்டது பழுத்து மஞ்சளான இலைகளை. நோய் எதுவும் இல்லை. தாங்கள் உடனே வருவது நல்லது. இவ்வளவுதான். நீ தோள் வழியாக எட்டிப் பார்த்து, "இது போதும்" என்றாய்.

இங்கிருந்து உனக்குத் தெரியாத பாதி.

திண்டிவனம் ஸ்டேஷனில் தபால்பெட்டிக்கு முன்னால் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆபீசருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற மாதிரி இருக்குமே என்று தோன்றியது. முதலிலேயே ஏன் மஞ்சள் என்று எழுதவில்லை என்று கேட்பாரே என்றும் தோன்றியது. ரயில் வந்துவிட்டது. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை நீ சைக்கிளை நிறுத்துவதற்குள், "போட்டாச்சுங்களா?" என்று கேட்டாய்.

"போட்டாச்சு" என்றேன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு போடுவதற்கு வெட்கம், போடாமல் இருப்பதற்குப் பயம். கார்டு பையிலேயே இருந்தது. நீ மூன்று நாள் பதிலுக்காகக் காத்திருந்தாய். நான்காம் நாள் அமாவாசை. அம்மாவை அழைத்துக்கொண்டு மேல்மலையனூர் போனாய். உத்தரவு வந்து நாளாகிறதே, கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில், நீ இல்லாத அன்று பெண்ணாட்களை விட்டு நான் பாத்தியைப் பிடுங்கவைத்தேன். "காய் புடிச்சிக் கீதே தம்பி, இத போயி புடுங்கச் சொல்றீங்க?" என்று ஒரு அம்மா கேட்டாள். ஆபீசர் உத்தரவு என்றேன்.

மறுநாள் நீ வந்து வெறும் பாத்தியைப் பார்த்தாய். பிடுங்கிப் போட்டிருந்த குவியலிலிருந்து ஒரு செடியை எடுத்துக் கீழ் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் உளறிக் கொட்டியிருப்பேன்.

அதற்கடுத்த நாள் வேலை முடிந்து சாரே வந்துவிட்டார். குவியலைக் கிளறினார். ஓர் இலையில்கூடப் புள்ளி இல்லை. "இது எல்லோ. இதுக்குத்தானே நான் காத்துக்கிட்டிருந்தேன். யார் பிரவுன்னு சொன்னது?"

நீ வாய் திறந்தாய். திறந்தவன் என்னைப் பார்த்தாய். நான் முந்திக்கொண்டேன். "அவன் பார்த்துச் சொன்னதைத்தான் சார் எழுதினேன்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் என்னை இன்றுவரை அரிக்கிறது. நீ சொன்னாய், நான் எழுதினேன். நீ கார்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். மஞ்சள் என்று எழுதச் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டாய். மஞ்சளுக்கும் பிரவுனுக்கும் வித்தியாசம் தெரியாதவனையா இத்தனை நாள் நம்பினேன் என்று சார் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். உனக்குக் கண் சரியில்லை என்று எழுதி, மேலே கேட்டிருந்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த வாரத்தோடு உன் வேலை நின்றது. அத்தனை பேரிலும் கண் நன்றாகத் தெரிந்த ஒரே ஆளுக்குக் கண் தெரியாது என்று பெயர்.

அன்று ஸ்டேஷன்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்துவந்தாய். கார்டு தபாலில் தவறிவிட்டது போலிருக்கிறது என்றேன். "இருக்கும்" என்றாய். கொஞ்ச தூரம் போனதும், "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க. எனக்கு எதுனா ஒண்ணு கெடைக்கும். ஒங்களுக்கு மம்முட்டி புடிக்கத் தெரியாதே, வேல போனா நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றாய். கிண்டல் என்று நினைத்து நானும் சிரித்தேன். எப்படித்தான் சிரிப்பு வந்ததோ.

அடுத்த வருஷம் சார் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தார். நீ நினைத்ததுதான் நடந்தது. பழுக்கிற இலையில் முதல் நொதி சீக்கிரமே போய்விட்டது. கட்டி அனுப்புகிற நொதி கடைசிவரை நின்றது. இலை சருகாகும்போது அதில் தழைச்சத்து பெரும்பாலும் இல்லை, காய்க்குப் போயிருந்தது. சார் அறிக்கை எழுதும்போது பச்சை, வெளுப்பு, பழுப்பு, சருகு என்று நீ வரப்பில் நடந்துகொண்டே வைத்த நாலு பெயரையும் அப்படியே எடுத்துக்கொண்டார். பழுப்பு என்றால் இங்கே பழுத்த இலை என்று அதற்குள் அவருக்கும் பழகிவிட்டது, போன வருஷத் தவறும் அந்தச் சொல்லால்தான் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிரிவுகளை வகுத்துத் தந்ததற்காகக் கடைசியில் என் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தார். நான் திருத்தவில்லை. உன்னிடம் அந்த அறிக்கையைக் காட்டவும் இல்லை.

அதற்குள் உனக்கு விழுப்புரம் ஜங்ஷனில் ஆர்.எம்.எஸ். வேலை கிடைத்திருந்தது. ரயிலில் தபால் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. காலைப் பாசஞ்சருக்கு நிற்கும்போது தோளில் மூட்டையோடு வந்து, "இந்த வருசம் ரோஸ் வந்துச்சிங்களா?" என்று கேட்பாய். வந்தது என்பேன். "பழுப்புல?" என்பாய். அதில் வரவில்லை, ஆனால் மற்றது நின்றது என்பேன். "நிக்கும்னு சொன்னேன்ல" என்று சந்தோஷமாகச் சிரித்துவிட்டு மூட்டையை வண்டிக்குள் தள்ளுவாய். யாருடைய ஆராய்ச்சியோ நன்றாக வந்ததற்கு அப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நான் வேறு பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் சில நாள் பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்குப் போய் நின்றிருக்கிறேன்.

வருஷம் ஆக ஆக அதை நீ ஒரு வேடிக்கையாக்கிவிட்டாய். கல்யாணம், காட்சி, எங்கே பார்த்தாலும் என்னை அறிமுகப்படுத்தும்போது, "இவரு போட்ட கார்டு தபால்ல காணாப் போச்சி. நானே தபால் ஆபீஸ்ல பூந்து தேடிக்கினு கிறேன், இன்னும் ஆப்புடல" என்பாய். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் கூடவே சிரிப்பேன்.

கடைசியாக உன்னைப் பார்த்தது போன மழைக்காலத்தில். உனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். உன் மகள் காபி வைத்துவிட்டு உள்ளே போனாள். நீ அன்று சிரிக்காமல் சொன்னாய்.

"முப்பது வருசத்துக்கு மேல மூட்ட தூக்கிக் கிறேன். அட்ரஸ் தப்பா எழுதினது, தண்ணில நனைஞ்சது, எல்லாம் சுத்தி சுத்தி எங்கனா போய்ச் சேந்துடும். போட்ட கார்டு காணாப் போயி நான் பாத்ததே இல்லீங்க." மூச்சு வாங்கிக்கொண்டு, "நம்ம கார்டு மட்டும் எங்க போச்சோ" என்றாய்.

அப்புறம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். கோபமே இல்லாத பார்வை. அன்று ஸ்டேஷனுக்கு நடந்தபோதே உனக்குத் தெரிந்திருக்கிறது, இத்தனை வருஷமும் வேடிக்கையாக எனக்குக் கதவைத் திறந்து திறந்து வைத்திருக்கிறாய் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வார்த்தை சொல்ல எனக்குக் கடைசி வாய்ப்பு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காபி ஆறுது, குடி" என்றேன்.

நீ குடித்தாய்.

நான் கார்டைப் போடவில்லை. போட்டாச்சு என்று சொன்னது பொய். உன் வேலையை எந்தத் தபாலும் தின்னவில்லை, நான்தான் தின்றேன். அந்த நாலு பெயரும் உன்னுடையவை, அறிக்கையில் இருக்க வேண்டியது உன் பெயர். இதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை பார். இந்த ஒரு நிமிஷத்தைத்தான் நான் வாழ்நாள் முழுவதும் தூக்கிக்கொண்டு திரிந்தேன். இறக்கிவைக்க வந்தால் நீ இல்லை. உனக்குத் தெரியும் என்பதால் எனக்குப் பாரம் குறையவில்லை. உன் மகளுக்குத் தெரியாது. அவள் அப்பாவுக்குக் கண் தெரியாது என்று ஒரு காலத்தில் ஒருவர் எழுதிவைத்தது பொய் என்று அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

கவரின் மேல் அவளுடைய விலாசத்தை எழுதி, ஸ்டாம்பும் ஒட்டிவிட்டேன். மருமகளிடம் கொடுத்தால் ஆபீஸ் போகிற வழியில் போட்டுவிடுவாள். கொடுக்க மாட்டேன். நானே நடந்து போய்ப் போட வேண்டும்.